பால் பொங்கினால் அடுப்பை அணை!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் ஆமத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயிக்கு அது சாபம். பட்டாசுத் தொழிலுக்கு அதுவே வரம். இந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். ஆலை என்றால் நமக்குப் பெரிய கட்டடமும் புகைபோக்கியும் அல்லவா ஞாபகம் வரும்? இங்கே அப்படி ஒன்றுமில்லை. பரந்த பொட்டலில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டியே நிற்கின்றன. இடையிடையே வேப்பமரங்கள். ஏதோ சண்டை போட்டுக்கொண்டு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கும் பங்காளி வீடுகளைப் போல!

சண்டை ஒன்றும் இல்லை. ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். நைலான் துணி உடுத்தி உள்ளே வரக் கூடாது, பருத்திதான். கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தித் தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இங்கே 'மருந்து' என்றால் வெடிமருந்து. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், யாரும் நெருப்பு வைக்காமலே தானாகச் சூடேறும். இரவெல்லாம் சூடேறிக்கொண்டிருந்த மருந்தைக் காலையில் ஒருவர் கிளறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பெண்களிடம் "ஏன் இத்தனை விதி?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒரு வீட்டில் விழுந்த இழவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துப் பட்டாசு செய்யக் கூடாது என்று மத்திய சர்க்கார் 1992-ஆம் வருஷம் தடை போட்டது. அந்த இரண்டும் சேர்ந்தால் லேசான உரசலே போதும். அந்தத் தடையும் கற்பனையில் உதித்தது அல்ல.

ஆனால், விதிகள் இத்தனை இருந்தும் ஒரு சங்கதி அவற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறது. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல! முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்தபோது அகப்பட்டுக் கொண்டார்கள். அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு விதி இருக்கிறது. வேலியைத் தாண்டி ஓடி வரும் ஊர் ஜனங்களை அந்த எண்ணிக்கை எப்படிப் பிடிக்கும்?

விதியை மீறினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் விதியிலேயே ஓட்டை இருந்தால்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பட்டாசு அறைகளுக்கு மட்டும் வந்த கவலை இல்லை இது. ஆகாய விமானம், ஆஸ்பத்திரி யந்திரம், ரயில் சிக்னல் எல்லாம் இன்று கம்ப்யூட்டர் சொன்னபடி ஆடுகின்றன. கம்ப்யூட்டரோ, மனிதர் எழுதித் தந்த விதிகளின்படி ஆடுகிறது.

சொன்ன சொல் தவறாத பிள்ளை

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கோயிலுக்குப் புறப்படுகிறாள். "டேய், பால் பொங்கினால் அடுப்பை அணைத்துவிடு" என்று பையனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். பையன் பரம சாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன்; அதற்கு மேல் ஒன்றும் செய்யாதவன். பாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஜன்னல் வழியாக ஒரு காற்று அடிக்கிறது. அடுப்பு அணைந்துவிடுகிறது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பால் பொங்கவில்லை. ஆகவே பையன் குமிழைத் தொடவில்லை. அம்மா திரும்பி வரும்போது வீடு முழுக்க காஸ்!

இதில் குற்றம் யாருடையது? பையன் உத்தரவை மீறவில்லை. அம்மாவும் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அவள் மனத்தில் இருந்தது, "அடுப்பினால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்" என்பது. வாயில் வந்தது, "பால் பொங்கினால் அணை" என்பது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் காஸ் நிரம்பியது.

கம்ப்யூட்டர் அந்தப் பையனைவிட ஒரு படி மேல். அவனுக்காவது மூக்கு உண்டு. நாற்றம் அடித்தால் எழுந்திருப்பான். கம்ப்யூட்டருக்கு மூக்கு வைக்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே எழுதியிருந்தால்தான் மூக்கு.

1993-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ஆம் தேதி, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலிருந்து வந்த ஒரு விமானம் போலந்து நாட்டு வார்ஸா விமான நிலையத்தில் இறங்கியது. நல்ல மழை, குறுக்குக் காற்று. வலப்பக்கச் சக்கரம் முதலில் தரையைத் தொட்டது. இடப்பக்கச் சக்கரம் அழுந்தத் தொடுவதற்கு மேலும் சுமார் 9 விநாடி ஆயிற்று. 'இரண்டு பக்கமும் தரையில் அழுந்தினால்தான், அல்லது சக்கரங்கள் வேகமாகச் சுழன்றால்தான், விமானம் இறங்கிவிட்டதாகக் கொள்' என்பது கம்ப்யூட்டருக்கு இடப்பட்ட விதி. நடுவானத்தில் தவறிப்போய் யாரும் நிறுத்தும் சாதனங்களை இயக்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதியது. ஆனால் அன்றைக்கு ஓடுபாதையில் தண்ணீர். சக்கரங்கள் சுழலாமல் வழுக்கின. "விமானம் இன்னும் ஆகாயத்தில் இருக்கிறது" என்று கம்ப்யூட்டர் தீர்மானித்து, வேகத்தைக் குறைக்கும் சாதனங்களுக்கு அனுமதி மறுத்துவிட்டது. விமானம் பாதையின் கோடியைத் தாண்டிப் போய் ஒரு மண்மேட்டில் மோதித் தீப்பற்றியது. எழுபது பேரில் இருவர் இறந்தார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. விதிப்படியே நடந்தது, பாவம்!

இதைவிட மனத்தை உலுக்குவது தெராக் என்ற யந்திரத்தின் கதை. கனடாவில் செய்யப்பட்ட, புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் யந்திரம். தெராக் 25 என்று அதற்குப் பெயர். அதற்கு முந்திய மாடலில், கதிர் அளவுக்கு மீறினால் தடுப்பதற்குத் தனியாக ஒரு பூட்டு இருந்தது. புதிய மாடலில், "கம்ப்யூட்டரே கவனித்துக் கொள்ளுமே, பூட்டு எதற்கு?" என்று அதை எடுத்துவிட்டார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர் பாய்ந்தது. குறைந்தது மூன்று பேர் அதனால் மாண்டார்கள்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் யந்திரத்தை இயக்கிய பெண்மணி அனுபவசாலி. விரல்கள் மின்னலாய் ஓடும். ஒரு நாள் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, சட்டென்று திருத்தினார். எட்டு விநாடிக்குள் திருத்தினால் திரை திருந்தும், உள்ளே இருந்த காந்தங்கள் திருந்தா! யாருக்கும் இது தெரியாது. தயாரித்தவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு "ஒரு குறையும் இல்லை" என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணரும் அந்தப் பெண்மணியும் உட்கார்ந்து, வேகமாக அடித்து அடித்துப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வேலையில் கைதேர்ந்தவரிடம் மட்டுமே தலைகாட்டும் பிழை! பிற்பாடு இந்த விபத்துகள் அனைத்தையும் துருவி ஆராய்ந்து 1993-இல் எழுதியவர்களில் ஒருவர் நான்ஸி லெவெஸன் என்ற அம்மையார். இந்தத் துறையில் அந்தக் கட்டுரையைப் படிக்காதவர் இல்லை எனலாம்.

எட்டு நிலைமைகள்

சோதித்துப் பார்த்தால் போதாதா? போதாது. ஏன் என்பதற்கு மறுபடி ஆமத்தூர்ப் பக்கம் போகலாம். கீழே வருபவை நானாக வைத்துக்கொண்ட விதிகள். சர்க்கார் விதிகள் அல்ல.

ஒன்று: ஆள் இல்லாத அறையின் கதவு மூடியிருக்க வேண்டும். திருட்டுப் பயம், குழந்தைகள் புகுந்துவிடும் பயம்; நியாயந்தானே? இரண்டு: மருந்து இருக்கும் அறையின் கதவு திறந்தே இருக்க வேண்டும். தப்பி ஓட வழி வேண்டாமா? அதுவும் நியாயம். மூன்று: மதியம் ஒரு மணி அடித்ததும் எல்லோரும் அறையை விட்டுச் சாப்பிடப் போய்விட வேண்டும். இதற்கு யார் ஆட்சேபம் சொல்லப் போகிறார்கள்?

மருந்து உண்டா இல்லையா, ஆள் உண்டா இல்லையா, கதவு திறப்பா மூடலா என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை. ஆகவே மொத்தம் எட்டு நிலைமைகள். ஒரு காகிதத்தில் எட்டு வரி எழுதி, முதல் இரண்டு விதிகளை மீறும் வரிகளை அடித்துப் பாருங்கள். நான்கு வரிகள் மிஞ்சும். அந்த நான்கிலும் தேடினால், 'மருந்து உண்டு, ஆள் இல்லை' என்ற வரி இருக்காது. அப்படியானால், ஒரு மணி அடிக்கும்போது பாதி மருந்து மிச்சமிருந்தால் என்ன செய்வது? கதவை மூடினால் இரண்டாம் விதி போச்சு. திறந்து வைத்தால் முதல் விதி போச்சு. உள்ளேயே உட்கார்ந்தால் மூன்றாவது போச்சு. மூன்றும் தனித்தனியே தங்கமான விதிகள். சேர்த்து வைத்தால் மாமியாரும் நாத்தனாரும் ஓரகத்தியும் ஒரே சமையற்கட்டில் நின்ற மாதிரி!

'சாப்பிடப் போகுமுன் மிச்ச மருந்தை வேறிடத்தில் சேர்த்துவிட வேண்டும்' என்று நான்காவதாக ஒன்று சேர்த்தால் சிக்கல் தீரும். ஆனால் சிக்கல் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே? காகிதத்தில் எட்டு வரி எழுதாதவரை அது தெரியவில்லை. ஒரு மணி அடித்து, நாலு பேர் கதவடியில் நின்று விழிக்கும்போதுதான் தெரிந்திருக்கும். விழிக்கிற மனிதர்கள் அந்த நேரத்தில் மனம் போனபடி ஏதோ ஒன்றைச் செய்துவிடுவார்கள். விபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

மூன்று கேள்விக்கு எட்டு என்றால், பத்துக் கேள்விக்கு 1,024. இருபதுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். முப்பதுக்கு 107 கோடி! ஒரு விமானத்துக்கு முப்பது கேள்வி எந்த மூலைக்கு? சோதனை ஓட்டத்தில் எத்தனை நிலைமைகளைப் பார்த்துவிட முடியும்? டெக்ஸாஸில் எட்டு விநாடிக்குள் திருத்திய நிலைமையை யாரும் பார்க்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே கணித நிபுணர்கள் வேறு வழியில் போனார்கள். விதிகளைப் பேச்சு மொழியில் எழுதாமல், தர்க்க சாஸ்திரத்தின் குறிகளில் எழுதுவது. எழுதிய பிறகு, இரண்டு விதிகள் எங்கேனும் முட்டிக்கொள்கின்றனவா, எந்த நிலைமைக்காவது விதியே இல்லாமல் போய்விட்டதா, 'இது மட்டும் நடக்கவே கூடாது' என்று நாம் அஞ்சுவது எந்த வழியிலாவது நடக்கக் கூடுமா என்று கணக்குப் போலவே நிரூபித்துப் பார்ப்பது. யந்திரம் கட்டுவதற்கு முன்பே, புரோகிராம் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம். ஆங்கிலத்தில் 'ஃபார்மல் மெத்தட்ஸ்' என்கிறார்கள்.

இதற்கு வேண்டிய சொற்கள் என்னவோ நம் வீட்டுச் சொற்களே. 1977-இல் இஸ்ரேல் நாட்டு அமீர் நுவேலி என்பவர், காலத்தைக் குறிக்கும் தர்க்கம் ஒன்றைக் கம்ப்யூட்டர் துறைக்குக் கொண்டு வந்தார். 'எப்போதும்', 'எப்போதாவது', 'அடுத்தாற்போல்', 'வரையில்' என்ற நாலு வார்த்தைகளே அதன் அஸ்திவாரம். 'அறைக்குள் எப்போதும் நால்வருக்கு மேல் இல்லை' என்பது ஒரு வகை. 'மணி அடித்தால் எப்போதாவது கதவு திறக்கும்' என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் உள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? எப்போதாவது என்றால் எப்போது? வீட்டில் புருஷர்கள் "குழாயை எப்போதாவது சரி செய்துவிடுகிறேன்" என்று சொல்வதும் பொய் அல்லவே! அதனால்தான் அபாயகரமான இடங்களில் 'இத்தனை விநாடிக்குள்' என்று முடிச்சுப் போட்டு எழுதச் சொல்கிறார்கள்.

இந்த லட்சக்கணக்கான நிலைமைகளை மனிதர் எண்ண வேண்டியதில்லை, கம்ப்யூட்டரே ஒன்று விடாமல் துழாவும் என்று 1981-ஐ ஒட்டி அமெரிக்காவில் இருவரும் பிரான்ஸில் இருவரும் தனித்தனியே காட்டினார்கள். அவர்களில் மூவர் 2007-ஆம் வருஷத்துக்கான டூரிங் பரிசு பெற்றார்கள். இந்தத் துழாவலில் எனக்கு ரொம்பவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு: விதி உடைந்தால் யந்திரம் "தப்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. "முதலில் இது நடக்கும், பிறகு அது நடக்கும், அப்போது உன் விதி உடையும்" என்று கதை மாதிரி வரிசையாகச் சொல்லிவிடுகிறது. வரப் போகும் விபத்தின் கதை!

நம்மவர்களும் பெண்மணிகளும்

எல்லோருக்கும் தர்க்கக் குறி புரியுமா என்ற கேள்வி வரும். புரியாதுதான். விமானம் ஓட்டுகிறவருக்கும் டாக்டருக்கும் விதி புரியாவிட்டால், "இல்லையே, இங்கே நடப்பது வேறாயிற்றே" என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலையில், ஒரு போர் விமானத்தின் புரோகிராமுக்கான விதிகளை 1970-களின் பிற்பகுதியில் கட்டம் போட்ட அட்டவணைகளாகவே எழுதினார்கள். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: இந்தக் கிழமை, இந்த நேரம் என்றால் இந்தக் கட்டம். காலியான கட்டம் இருந்தால் கண்ணில் குத்தும். அந்த வேலையைப் பற்றி எழுதிய காத்ரின் ஹெனிங்கர், பின்னர் அட்டவணைகளைக் கம்ப்யூட்டரைக் கொண்டே சரிபார்க்க வழி செய்த கான்ஸ்டன்ஸ் ஹைட்மயர் இருவரும் பெண்மணிகள். நான்ஸி லெவெஸனும் சும்மா இருக்கவில்லை. ஆகாயத்தில் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் சாதனத்தின் விதிகளை இப்படி முறைப்படி எழுதிக் காட்டினார்.

நம் சென்னையில் படித்தவர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக் கலிபோர்னியாவுக்குப் போன நடராஜன் சங்கர், பி.வி.எஸ். என்ற நிரூபிக்கும் கருவியை உண்டாக்கிய மூவரில் ஒருவர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா அதை உபயோகிக்கிறது. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜமணியும் தாமஸ் பால் என்பவரும் செய்த கருவி, கம்ப்யூட்டரோடு சேரும் துணைச் சாதனங்களின் புரோகிராம்களை ஆராய்கிறது. "பூட்டிய பூட்டை மறுபடி பூட்டாதே, திறக்காமல் விட்டுவிட்டும் போகாதே" என்பது போன்ற விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்க்கும். பூட்டிவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் சந்தேகப்படாத குடும்பப் பெண் உண்டா? சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள கணிதவியல் கழகத்தில் இன்றும் மாணவர்கள் இந்தச் சாஸ்திரத்தைப் படிக்கிறார்கள்.

பாரிஸ் நகரத்தில் 1998-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஓடத் தொடங்கிய 14-ஆம் நம்பர் பாதாள ரயிலுக்கு டிரைவர் கிடையாது. அதன் பாதுகாப்புக்கான புரோகிராம் முழுவதையும், விதியிலிருந்து ஒவ்வொரு படியாக நிரூபித்துக்கொண்டே எழுதினார்கள். ஜனங்கள் தைரியமாக ஏறிப் போய் வருகிறார்கள்.

கம்பி மாறினால்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இனி விபத்தே இல்லை" என்று முடித்தால் அது புளுகு.

ரயில்வேக்காரர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1856-இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் சிக்னல் கைப்பிடிகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டார். தண்டவாளம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால், அந்தப் பக்கத்துக்கான கைப்பிடியை எவ்வளவு பலசாலி இழுத்தாலும் அசையாது. இரும்பால் எழுதிய தர்க்கம்! இப்போது அதே வேலையை மின்சாரமும் கம்ப்யூட்டரும் செய்கின்றன.

2023-ஆம் வருஷம் ஜூன் 2-ஆம் தேதி, ஒடிஸாவில் பாலசோர் ஜில்லாவைச் சேர்ந்த பஹநாகா பஜார் ஸ்டேஷனில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப் பாதையில் போகப் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. சுமார் 290 பேர் இறந்தார்கள். சிக்னல் கம்பி இணைப்புகளில் முன்பே நேர்ந்திருந்த தவறும், அன்றைய பழுது வேலையில் நேர்ந்த தவறும் சேர்ந்தே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 'தண்டவாளம் நேராக இருந்தால்தான் பச்சை' என்ற விதி உலகம் அறிந்தது. அதில் ஓட்டை இல்லை. ஆனால் தண்டவாளம் எப்படி இருக்கிறது என்ற செய்தியே பொய்யாக வந்து சேர்ந்தால், தர்க்கம் என்ன செய்யும்? காகிதத்தில் நிரூபித்தது காகிதத்துக்குத்தான் உத்தரவாதம். கம்பியைத் தொடுகிற கையையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் எதை எதைச் சேர்ப்பது என்பதை மனிதர்தாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இது சாமானியமான காரியம் அல்ல. சந்திரனுக்குப் போன அப்பலோ கலத்தின் புரோகிராம்களை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டன், இரவிலும் விடுமுறை நாட்களிலும் தம் சிறு பெண் லாரனை ஆராய்ச்சிச் சாலைக்கு அழைத்துப் போவது வழக்கம். வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாத தாய்மார் செய்வதுதானே! ஒரு நாள் குழந்தை ஒத்திகை யந்திரத்தின் பித்தான்களை அழுத்தி விளையாடியது. திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. பறந்துகொண்டிருக்கும் நடுவில், புறப்படுவதற்கு முன் ஓட வேண்டிய புரோகிராமைக் குழந்தை கிளப்பிவிட்டிருந்தது!

"இதற்கு ஒரு தடுப்பு எழுத வேண்டும்" என்றார் தாயார். "எங்கள் விண்வெளி வீரர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், இப்படி ஒருநாளும் செய்ய மாட்டார்கள்" என்று மேலதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1968-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், அப்பலோ 8 சந்திரனைச் சுற்றிவிட்டு வரும் பயணத்தின்போது, வீரர் ஜிம் லோவல் கை தவறி அதே புரோகிராமைக் கிளப்பினார். கலம் எங்கே இருக்கிறது என்ற விவரம் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்து போயிற்று. பூமியிலிருந்து அந்த விவரங்களைத் திரும்ப அனுப்பிச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு ஹாமில்டன் கேட்ட தடுப்பை எழுத அனுமதி கிடைத்தது.